தண்ணீர்க் கஞ்சியைத் தாண்டி: ஆறாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு உணவூட்டும் முறை

என் மூத்த மகளுக்குப் பத்து மாதம் நடந்தபோது, இரண்டு மாதமாக எடை நகரவே இல்லை. வேளை தவறாமல் ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டிக்கொண்டுதான் இருந்தேன். தடுப்பூசி நாளன்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழாக்குறையாகச் சொன்னேன். நான் கையோடு கொண்டுபோயிருந்த கஞ்சியில் அவர் ஒரு கரண்டி மொண்டு, லேசாகச் சாய்த்தார். மொத்தமும் வழிந்து கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. "இது கஞ்சித் தண்ணீர் அம்மா. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது" என்றார்.

அன்று கற்றதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. குழந்தையின் வயிறு சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கிடுவார்கள். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிக்குச் சற்று மேல்தான் இடம். அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்து எங்கே போய் உட்காரும்? அதனால் முதல் விதி: கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்து ஓடக்கூடாது; மெல்ல நழுவி விழ வேண்டும்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இந்திய அளவில் 67 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்தது. சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு. என் மகளும் அப்படி ஒரு பிள்ளைதான்.

எப்போது தொடங்குவது

ஆறு மாதம் நிறைந்ததும், அதாவது சுமார் 180 நாளில். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு பால் தரும் ஆற்றல் மட்டும் போதாது. அதைவிட முக்கியமாக, பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு அந்த நேரத்தில்தான் வற்றத் தொடங்குகிறது.

நாள்காட்டியோடு குழந்தையையும் பாருங்கள். பிடித்து உட்காரவைத்தால் கழுத்து நேராக நிற்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது உங்கள் தட்டை நோக்கிக் கை நீள வேண்டும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். கோயிலில் சோறூட்ட நல்ல நாள் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது அழகான வழக்கம். ஆனால் நாள் ஏழாம் மாதக் கடைசியில்தான் அமைகிறது என்றால் அதுவரை குழந்தையைக் காக்க வைக்காதீர்கள். வீட்டில் ஊட்டத் தொடங்கிவிட்டு, கோயிலுக்கு அந்த நாளில் போய் வரலாம்.

முதல் பத்து நாட்கள்

காலை பத்து, பதினொரு மணி வாக்கில், குழந்தை தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும் நேரம் நல்லது. கடும் பசியில் அழும்போது கரண்டியை நீட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். கொஞ்சம் பால் கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பாலாடையால் ஊற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தை, உங்கள் முகத்தைப் பார்த்தபடி, சிறு கரண்டியிலிருந்து தானே உதட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதில் தொடங்கினாலும் சரிதான். பருப்புச் சாதம் எளியது: ஒரு பிடி அரிசி, அதில் பாதிக்குச் சிறுபருப்பு, தாராளமாகத் தண்ணீர், குக்கரில் ஐந்தாறு விசில். வெந்ததைக் கையால் கடைந்து, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, மசியல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மிக்ஸியில் அரைக்காதீர்கள். மிக்ஸி தரும் வழுவழுப்புக்குப் பழகிய குழந்தை, பிறகு ஒரு பருக்கை நாக்கில் பட்டாலும் துப்பும். விரல் நுனியால் தேய்த்து மசித்தால் அங்கங்கே சிறு குருணை நிற்கும். அந்தக் குருணைதான் மெல்லுவதற்கான முதல் பாடம்.

முதல் நாள் இரண்டு மூன்று தேக்கரண்டி உள்ளே போனாலே நிறைவு. முகத்தைச் சுளிப்பது, பாதியைத் துப்புவது, கரண்டியைப் பிடித்து இழுப்பது எல்லாம் இயல்பு. நாலைந்து நாளில் மசித்த மஞ்சள் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கனிந்த வாழைப்பழம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எங்கள் பக்கம் நாகர்கோவில் மட்டிப்பழம் கிடைத்தால் அதைத்தான் முதலில் மசித்துக் கொடுப்போம். மணமும் மென்மையும் குழந்தைக்குப் பொருந்தும். காய்களுக்கும் பழங்களுக்கும் இடையே நாள் கணக்கில் இடைவெளி விடத் தேவையில்லை. ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள உணவுகளுக்கு மட்டும் அந்தக் கவனம் போதும்; அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு மாதம் ஆனதும் கொதித்து ஆறிய தண்ணீரை வாய் நனையும் அளவுக்கு உணவோடு கொடுக்கலாம்.

கேப்பைக் கூழ்: கெட்டியாக இருக்க வேண்டும், தொண்டையில் இறங்கவும் வேண்டும்

கேழ்வரகை எங்கள் ஊரில் கேப்பை என்போம். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ள தானியம் இது. அரிசியும் கோதுமையும் பக்கத்தில் நிற்க முடியாது. ஆச்சி காலத்துப் பக்குவம் இப்படி: கேப்பையைக் கல் போகக் களைந்து ஓர் இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். மறுநாள் அவிழ்த்தால் வெள்ளை நூல் போல முளை எட்டிப் பார்க்கும். அதை அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து பால் எடுத்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால் பழுப்பு நிறத்தில் பளபளவென்று கூழ் திரளும். கையை எடுக்காமல் கிண்ட வேண்டும்; ஒரு நிமிடம் கவனம் சிதறினால் அடியில் கட்டி விழுந்துவிடும்.

இதில்தான் நான் முதல் குழந்தைக்குத் தவறு செய்தேன். கூழ் கெட்டியாகிவிட்டால் விழுங்கச் சிரமப்படுவாளே என்று ஒவ்வொரு முறையும் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி இளக்கினேன். இளக்குவதற்கு வேறு வழி இருக்கிறது. முளைகட்டிய கேப்பையையோ பச்சைப் பயறையோ வெயிலில் நன்றாகக் காயவைத்து மாவாக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் கிண்டிய கூழை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது இந்த மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் களி போல் இருந்தது கண்ணெதிரே இளகும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தின் பிடிப்பை உடைத்துவிடுவதுதான் காரணம். தண்ணீர் சேரவில்லை, அதனால் சத்தும் குறையவில்லை. பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். முளைகட்டிய மாவில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கொதி கட்டாயம். மாவை முன்கூட்டியே சிவக்க வறுத்துவிட்டால் நொதி அழிந்து இந்தக் குணம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் ஒரு மாதம் பாலைப் பிழிந்து வடிகட்டலாம். ஏழாம் மாதத்திலிருந்து அப்படியே மாவாகவே கிண்டலாம். கேப்பைக் கூழ் மட்டுமே மூன்று வேளையும் என்று சில வீடுகளில் ஓடுவதைப் பார்க்கிறேன். எவ்வளவு நல்ல தானியமானாலும் அது ஒரு தானியம்தான்.

அங்கன்வாடியில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு இலவசமாகச் சத்துமாவு தருகிறார்கள். பெயரைப் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதிலேயே வெல்லம் சேர்ந்திருப்பதால் மேற்கொண்டு இனிப்புப் போடாமல், மற்ற வேளைகளில் இனிப்பில்லாத உணவு கொடுப்பது நல்லது.

இரும்புச்சத்து: நான் அதிகம் மன்றாடும் இடம்

ரத்தசோகை சத்தம் போடாமல் வரும். குழந்தை சற்று மந்தமாக இருக்கும், பசி குறையும், அடிக்கடி சளி பிடிக்கும். "பல் முளைக்கிறது, அதனால்தான்" என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம். அந்த மாதங்களில் மூளை வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. இரும்புக் குறைவு அதையும் பாதிக்கும். என் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து அளவைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட குற்றவுணர்ச்சி இன்னொரு தாய்க்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

உடல் எளிதில் ஏற்கும் இரும்பு அசைவத்தில் இருக்கிறது. அசைவம் உண்ணும் வீடென்றால் ஏழாம் மாதத்திலிருந்தே தயங்க வேண்டாம். கோழி ஈரலை வேகவைத்து விரலால் நசுக்கினால் வெண்ணெய் போலக் குழையும். வாரம் ஒருமுறை, ஒரு சிறு துண்டு, பருப்புச் சாதத்தோடு பிசைந்தால் போதும். வைட்டமின் ஏ மிகுந்திருப்பதால் தினமும் வேண்டாம். ஆட்டுக்கறியை வேகவைத்த சாறு மட்டும் ஊட்டுவது நம் வீடுகளில் பரவலான பழக்கம். சாற்றில் ருசி இருக்கிறது; சத்தில் பெரும்பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. கறியைக் கொத்தி, அம்மியில் நசுக்கி அல்லது அரைத்துக் கொடுங்கள். மீனில் சாளையும் நெத்திலியும் மலிவு, சத்தும் மிகுதி. தலை, குடல், நடுமுள் நீக்கி, வேகவைத்த சதையைத் தட்டில் பரப்பி, இரண்டு விரலால் தடவித் தடவி முள் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது. பாலூட்டும் தாய்க்குச் சுறாப் புட்டு செய்வது நம் வழக்கம் என்றாலும், சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் குழந்தைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. கருவாட்டில் உப்பு மிக அதிகம். ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

சைவ வீடுகளில் பருப்பு, பயறு, எள், முருங்கைக்கீரை, கேப்பை, கம்பு ஆகியவற்றிலிருந்து இரும்பு வர வேண்டும். இந்த இரும்பு உடலில் சேர வைட்டமின் சி துணை தேவை. கீரை மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சை, பருப்போடு ஒரு தக்காளி, சாப்பாட்டோடு மசித்த கொய்யாவின் சதைப்பகுதி என்று ஏதாவது ஒன்று கூட இருக்கட்டும். தானியத்தையும் பயறையும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைடேட்டைக் குறைக்கும். இதற்கு நேர் எதிரி தேநீர். பாட்டியின் டம்ளரிலிருந்து குழந்தைக்கு ஒரு வாய் டீ, அதில் நனைத்த பிஸ்கெட் என்பது செல்லமாகத் தொடங்கித் தினசரிப் பழக்கமாகிவிடும். டீ இரும்பைச் சேரவிடாது. பெரியவர்களிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள்.

இவற்றோடு, அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள். சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்கி, அலமாரியில் வைத்து மறந்துவிடாமல் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

தட்டில் எத்தனை நிறம்

உலகச் சுகாதார நிறுவனம் குழந்தை உணவை எட்டு வகையாகப் பிரிக்கிறது: தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பும் கடலையும் விதைகளும்; பால் பொருட்கள்; இறைச்சியும் மீனும்; முட்டை; மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்கனிகளும் கீரையும்; பிற காய்கனிகள். இந்த எட்டில் ஒரு நாளைக்கு ஐந்தாவது குழந்தையின் வாயில் பட வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். எண்ணிப் பாருங்கள்: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பூசணி போட்ட பருப்புச் சாதமும் ஒரு வாய் தயிரும் கொடுத்தால் ஐந்து வந்துவிட்டது. அரைமுட்டை சேர்த்தால் ஆறு.

"கீரை சேராது", "முட்டை சூடு", "தயிர் சளி", "பழம் கொடுத்தால் மாந்தம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. அத்தனையையும் கேட்டு நீக்கினால் மிஞ்சுவது வெறும் சோறும் ரசமும்தான். கீரையை ஏழாம் மாதத்திலேயே வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வீட்டில் உறைந்த, புளிக்காத தயிரையும் கொடுக்கலாம்.

முட்டை, வேர்க்கடலை, மீன் போன்றவற்றை ஒவ்வாமைக்குப் பயந்து ஒரு வயது தாண்டும்வரை தள்ளிப்போடுவது முன்பு மருத்துவர்களே சொன்ன அறிவுரை. பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான வேர்க்கடலை ஆய்வு அதை மாற்றிவிட்டது: ஒவ்வாமைக்கு அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை கொடுத்தபோது ஒவ்வாமை பெருமளவு குறைந்தது. எனவே ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒன்றொன்றாக, காலை நேரத்தில், கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் இரண்டும் கொடுக்கலாம். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி நைஸாக அரைத்து, கூழில் கரைத்துத்தான் தர வேண்டும். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்து நிறுத்திவிடுவதில் பயனில்லை. உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு என்று எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவு ஒவ்வாமல் போயிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வேண்டாதவை

தேன் ஒரு வயதுக்குள் ஒரு துளிகூடக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

ஒரு வயது வரை உணவில் உப்பு வேண்டாம். இரண்டு வயது வரை சர்க்கரை வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், பனங்கற்கண்டு நல்லவைதானே என்று கேட்பார்கள். நாக்கைப் பொறுத்தவரை அவையும் சர்க்கரையே. உப்பில்லாத சாதம் சப்பென்று இருக்கிறது என்பது நம் நாக்கின் கவலை; உப்பையே அறியாத குழந்தைக்குச் சீரகமும் பெருங்காயமும் நெய்யும் போதுமான ருசி.

பசும்பாலைத் தயிராகவும் கூழில் சிறிது கலந்தும் தரலாம். ஆனால் டம்ளர் டம்ளராகக் குடிக்கும் பானமாக ஒரு வயதுக்குப் பிறகே. ஒரு வயதுக்குப் பிறகும் நாளுக்கு இரண்டு டம்ளரைத் தாண்டினால் வயிறு பாலாலேயே நிறைந்து, சோறு இறங்காமல், மறுபடியும் ரத்தசோகையில் போய் நிற்கும். பழச்சாறுக்குப் பதில் பழம். ரஸ்க், கிரீம் பிஸ்கெட், டப்பாவில் வரும் சத்துப் பானம் ஆகியவற்றின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தெரியும்.

கட்டி, துண்டு, கைப்பிடி

எட்டாம் மாதத்தில் மசியலிலிருந்து பிசைந்த சோற்றுக்கும், கையில் பிடித்துக் கடிக்கும் உணவுக்கும் மாற வேண்டும். பத்து மாதம் வரை கட்டியே காட்டாமல் வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் மெல்ல மறுப்பது அதிகம். நீள்வாக்கில் வெட்டிய இட்லித் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளி, அவித்த நேந்திரம் பழம், கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் குழைய வேகவைத்தது ஆகியவற்றில் தொடங்கலாம். உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்கினால் பல்லில்லாத ஈறும் அதை நசுக்கும்.

என் இளையவனுக்கு எட்டரை மாதத்தில் முதல் இட்லித் துண்டு கொடுத்த அன்று, அவன் ஒரு பெரிய கடி கடித்து, ஓங்கரித்தான். முகம் சிவந்தது, கண்ணில் நீர் வந்தது, நாக்கு வெளியே நீண்டது. மாமியார் பதறிக்கொண்டு விரலை விட்டு எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையும்தான் நடுங்கியது. மூன்று முறை இருமி, துண்டை உதட்டில் தள்ளிவிட்டு, மறுபடியும் அதே இட்லியை எடுத்துக் கடித்தான்.

ஓங்கரிப்பது வேறு, தொண்டை அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், சிவக்கும். அது தன்னைத் தானே காத்துக்கொள்கிறது, விரலை விட்டால் துண்டு உள்ளே போய்விடும். அடைத்துக்கொண்ட குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. சத்தமே வராது, உதடு நீலமாகும். அப்போது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறப் படுக்கவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. துண்டு வெளிவரும்வரை மாறி மாறி. அருகில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குச் செய்முறை வேறு; அதையும் ஒரு செவிலியரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

நாலைந்து வயது வரை முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, கடலை மிட்டாய், பாப்கார்ன், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், கடினமான மிட்டாய், ஜெல்லி ஆகியவை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சப்போட்டா விதையின் நுனியில் கொக்கி போல ஒன்று இருக்கும். தொண்டையில் மாட்டினால் எளிதில் வராது. சீத்தாப்பழம், நாவல், சப்போட்டா எதுவானாலும் விதையை நீங்களே எடுத்துவிட்டுச் சதையைக் கொடுங்கள். ஓடிக்கொண்டோ காரில் படுத்துக்கொண்டோ சாப்பிடவிடாதீர்கள்.

அளவும் நேரமும்

ஆறு முதல் எட்டு மாதத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, 250 மில்லி கிண்ணத்தில் பாதி வரை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் மூன்று நான்கு வேளை, அரைக் கிண்ணம். ஒரு வயதுக்குப் பிறகு முக்கால் முதல் முழுக் கிண்ணம், மூன்று நான்கு வேளை, இடையே ஒன்றிரண்டு சிற்றுணவு. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் தொடரலாம். தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு ஓரிரு வேளை கூடுதலாக வேண்டும்.

சிற்றுணவு என்பதும் உணவுதான். அதை வாயடைக்கும் பண்டமாக நினைக்கும்போதுதான் பாக்கெட் வருகிறது. சிறுபருப்பு அடையைச் சின்னதாக வார்த்து நான்காக வெட்டியது, கேப்பைத் தோசை, தோல் நீக்கி நசுக்கிய கொண்டைக்கடலைச் சுண்டல், துருவிய கேரட் கலந்த மெத்தென்ற பிடிகொழுக்கட்டை, விதை நீக்கி ஊறவைத்து மசித்த பேரீச்சை தடவிய சப்பாத்தித் துண்டு, தயிரில் மசித்த பழம். வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாப்பிட மறுத்தால்

மறுக்கும். ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறையும். நேற்று விரும்பியதை இன்று தள்ளும். ஒரு புதிய உணவு பிடித்துப்போக எட்டு, பத்து முறைகூடத் தேவைப்படலாம். பாகற்காயும் கத்தரிக்காயும் எங்கள் வீட்டில் அப்படித்தான் உள்ளே வந்தன: பிடித்த உணவுக்கு அருகே ஒரு நகக்கண் அளவு, வற்புறுத்தாமல், ஒரு சொல் சொல்லாமல். என்ன, எப்போது என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். தலையைத் திருப்பினால், வாயை மூடினால் நிறுத்துங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, கைப்பேசியில் படம் ஓடவிட்டு அறியாமலே விழுங்க வைப்பது இரண்டும் குழந்தைக்குத் தன் பசியை மறக்கக் கற்றுக்கொடுக்கின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு வேளையை இழுக்க வேண்டாம். எடைக்கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் இன்று மிஞ்சிய அரைக் கிண்ணத்துக்குக் கவலைப்படாதீர்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை நின்றுவிட்டாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் உணவை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வயிற்றுப்போக்கென்றால் உப்புசர்க்கரைக் கரைசல் கட்டாயம். தேறிய பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதல்.

ஒரே சட்டியிலிருந்து

ஒரு வயது நெருங்கும்போது குழந்தைக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. எங்கள் நெல்லைப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு இதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும், கத்தரிக்காய், முருங்கைக்காயின் வழித்த சதை, வாழைக்காய், கேரட், அவரை எல்லாம் ஒரே சட்டியில் வேகும். இறக்கும் முன் ஒரு பெரிய கை முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றியதும் தெருவரை மணக்கும். எட்டு வகையில் நான்கு அந்த ஒரு சட்டிக்குள்ளேயே இருக்கிறது. புளியையும் மிளகாயையும் உப்பையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அவை விழுவதற்கு முன் குழந்தையின் பங்கை இரண்டு கரண்டி எடுத்து, நெய் விட்டு, கையால் பிசைந்து, அதன் சொந்தத் தட்டில் வையுங்கள்.

பிறகு அந்தத் தட்டை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டால் சிந்துவதைக் கூட்டுவது எளிது. என் இளையவன் முதல் நாள் அந்தச் சோற்றில் பாதியைத் தலையில் தடவிக்கொண்டான். மீதியை, ஐந்து விரலையும் வாய்க்குள் திணித்து, தானே தின்றான்.